மொய் நோட்டில் ஒரு பெயர்: சமூகப் பொறுப்பு நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக் குழுக்களில் இருப்பவர்களுக்கு,



உங்களில் சிலரை எனக்கு நேரில் தெரியும். உங்கள் வரவேற்பறைகளில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறேன். சிலர் காபி கொடுத்து, அரை மணி நேரம் ஒதுக்கிப் பொறுமையாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்த அரை மணி நேரத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். என் அமைப்புக்கு நிதி கேட்கும் விண்ணப்பமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதனால்தான் அதன் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை. மனநல மருத்துவமனையிலும் காப்பகங்களிலும் பல ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வருகிறவர்கள் ஊருக்குள் குடியிருக்க என்ன செலவாகிறது, அதில் எந்தப் பகுதியைக் கொடுக்க யாருமே முன்வருவதில்லை என்பதுதான் விஷயம்.

உங்களைப் போன்ற ஒரு குழுவுக்குச் சில காலம் முன்பு நாங்கள் அனுப்பிய செலவுக் கணக்கு, ஒரு வரி அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. 'மொய், ரூ. 500' என்பது அந்த வரி. எதிர்வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. எங்கள் வீட்டிலிருந்து மூன்று பெண்கள் போய்ச் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வந்தார்கள். இது எந்தத் தலைப்பில் வரும், நோயாளிகளின் மறுவாழ்வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அன்றைக்கு இரண்டு வரியில் ஒரு பதில் எழுதி அனுப்பினோம். அது போதவில்லை. சரியான பதில் இவ்வளவு நீளமானது.

நாங்கள் நடத்தும் அந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். சென்னைக்குத் தெற்கே, ரயில் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும் தூரத்தில் ஒரு சாதாரணத் தெரு. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், பின்னால் துணி துவைக்கக் கல். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. ஐந்து பெண்கள் குடியிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. அதில் 22 ஆண்டுகள் வார்டில் கழிந்தவை. குடிவந்த முதல் இரவு அவர் கேட்ட கேள்வி இது: "லைட்ட எப்ப அணைப்பாங்க?"

வார்டில் இரவு முழுக்க விளக்கு எரியும். சுற்றி வரும் நர்ஸுக்கு எல்லாக் கட்டிலும் தெரிய வேண்டும். 22 ஆண்டுகள் அவர் இருட்டில் தூங்கியதில்லை. "நீங்கதான் அணைக்கணும்க்கா" என்று எங்கள் உதவியாளர் சொன்னதும் எழுந்து போய் சுவிட்ச் அருகில் நின்றார். அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். மற்ற நால்வரும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

அதைவிடக் கடினமாக இருந்தது குழம்பு. "இன்னைக்கு என்ன குழம்பு வைக்கலாம்?" என்று தினமும் காலையில் கேட்போம். மூன்று வாரம் அவரிடமிருந்து "எது குடுத்தாலும் சாப்பிடுவேன்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. செவ்வாய் என்றால் இது, வியாழன் என்றால் அது என்று தட்டில் விழுவதைச் சாப்பிட்டுப் பழகியவருக்கு, நாக்குக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிற பழக்கமே விட்டுப் போயிருந்தது. நான்காவது வாரம் ஒரு நாள் அவராகவே வந்து சொன்னார்: "வத்தக்குழம்பு வை. அப்பளத்தச் சுடணும், பொரிக்கக் கூடாது."

அந்த மூன்று வாரத்துக்கும் யாராவது பணம் கொடுத்தாக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அதில் எதுவுமே நடக்கவில்லை. பயிற்சி வகுப்பு இல்லை, சான்றிதழ் இல்லை, படம் எடுக்க ஒன்றுமில்லை. ஒரு உதவியாளர் தினமும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார், அவ்வளவுதான்.

அந்த மூத்தவருடைய நோய்க்கு மருத்துவமனையில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்து ஆண்டுகள் பல ஆகிவிட்டிருந்தன. மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் போதும், வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். அழைத்துப்போகத்தான் ஆள் வரவில்லை. பதிவேட்டில் இருந்த முகவரிக்கு எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன. அப்பா அம்மா இறந்திருப்பார்கள். தம்பி வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போயிருப்பார். நாங்கள் சந்திக்கிறவர்களில் பெரும்பாலோரின் கதை இதுதான்.

சட்டம் இவர்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 19ஆவது பிரிவைத் தயவுசெய்து ஒருமுறை படியுங்கள். மனநோய் உள்ள ஒவ்வொருவருக்கும் சமூகத்தில் வாழவும், அதிலிருந்து பிரிக்கப்படாமல் இருக்கவும் உரிமை உண்டு. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, ஊருக்குள் ஆதரவு வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் அரசே ஏற்படுத்த வேண்டும், அல்லது ஏற்படுத்துபவர்களுக்கு ஆதரவு தர வேண்டும். இந்தச் சட்டம் வந்த பிறகு, நாடு முழுவதும் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் எடுத்த கணக்கு 2019இல் வெளியானது. அங்கே தங்கியிருந்தவர்களில் 36 சதவீதத்துக்கும் மேலானோர் ஓராண்டு, அதற்கும் மேல் உள்ளேயே இருந்தவர்கள். சிலருக்கு அது பல பத்தாண்டுகள்.

2019இல் நடந்த இன்னொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பக வளாகத்திலேயே வாக்குச்சாவடி அமைத்தார்கள். அங்கே தங்கியிருந்த 150க்கும் மேற்பட்டோர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருந்தார்கள். விரலில் மையோடு அவர்கள் நின்ற படத்தைச் செய்தித்தாளில் பார்த்து நான் அழுதேன். 1794இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் வரலாற்றில் அது பெரிய நாள். அதற்காக உழைத்த டாக்டர்களும் அதிகாரிகளும் பாராட்டுக்குரியவர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் இன்னொன்று உறைத்தது. வாக்காளர் அட்டைக்கு முகவரி வேண்டும். அவர்களுக்கு இருந்த முகவரி ஒரு மருத்துவமனை.

பணம் ஏன் வெளியே வர மறுக்கிறது? மருத்துவமனைக்கு நிதி ஒதுக்கும் முறை கட்டிலை வைத்து அமைந்தது. இத்தனை கட்டில், அதற்கு இத்தனை ஊழியர், இவ்வளவு சாப்பாடு, இவ்வளவு மருந்து. ஒருவர் கட்டிலை விட்டு எழுந்து வெளியே போனால், அவருக்காக ஆன செலவு அவரோடு வருவதில்லை. மறுநாளே அந்தக் கட்டிலில் இன்னொருவர் படுப்பார். வெளியே வந்தவருக்கு மாத்திரையை அரசு மருத்துவமனை இலவசமாகக் கொடுக்கும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அடையாள அட்டை கொடுக்கும். உதவித்தொகை, அலைந்து வாங்கினால், வரும். வாடகை எந்தத் துறையின் வேலை? இரவு இரண்டு மணிக்குப் பயந்து எழுந்தால் பக்கத்தில் உட்கார ஒரு ஆள், அது எந்தத் துறையின் வேலை? இந்த இடைவெளியில்தான் நீங்கள் வருகிறீர்கள், அல்லது வராமல் போகிறீர்கள்.

ஏர்வாடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மொய்தீன் பாதுஷா மனநல இல்லம் என்ற கூரைக்கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த மாதிரி இல்லங்களை அரசு மூடியது. 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். நாடே அதிர்ந்தது. மீட்புக்கு மனமும் பணமும் எப்போதும் சுரக்கும். மீட்கப்பட்டவர் அதற்குப் பிறகு வாழும் முப்பது ஆண்டுகளுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. சங்கிலியை அறுத்துவிட்டோம். அறுத்த பிறகு எங்கே போவது என்ற கேள்விக்குப் பலருக்கு இன்னொரு கட்டிலையே பதிலாகக் கொடுத்தோம்.

வேறு பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பேனியன் அமைப்பு, தெருவில் திரிந்த பெண்களை மீட்டுச் சிகிச்சை கொடுப்பதில் ஆரம்பித்தது. குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடிந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். திரும்ப இடமில்லாதவர்கள் அமைப்பின் இல்லத்திலேயே தங்கிவிட்டார்கள். நல்ல எண்ணத்தோடு நடத்துகிற இடமும் ஆண்டுகள் போனால் இன்னொரு வார்டாகிவிடும் என்பதை அவர்கள் தங்களிடமே ஒளிக்கவில்லை. 2015இல் 'ஹோம் அகெய்ன்' என்ற முறையைத் தொடங்கினார்கள். நான்கைந்து பேர், யாரோடு இருப்பது என்று தாங்களே பேசி முடிவு செய்து, கிராமத்திலோ நகரத்திலோ சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்துக் குடியேறுகிறார்கள். கூட இருக்க, அந்தப் பகுதியிலிருந்தே வரும் உதவியாளர்கள். தமிழ்நாட்டிலிருந்து கேரளம், மகாராஷ்டிரம் என்று அது பரவியது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் சமூக மனநலச் சேவைகளுக்கான வழிகாட்டி வெளியிட்டபோது, உலகம் முழுவதிலுமிருந்து எடுத்துக்காட்டிய நல்ல முறைகளில் இதுவும் ஒன்றாக இருந்தது. எங்களைப் போன்ற சிறிய அமைப்புகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவைதான்.

அந்த உதவியாளரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் படிவங்களில் அவருக்கு இடமே இல்லை. எங்கள் வீட்டில் இருப்பவர் எட்டாவது வரை படித்தவர். முன்பு ஏற்றுமதி ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். கவுன்சலர் என்றோ தெரபிஸ்ட் என்றோ அவரை அழைக்க முடியாது. அந்த வீட்டில் எல்லாரும் அவரை அக்கா என்கிறார்கள்; அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாத்திரை டப்பாவைக் கிழமை வாரியாக அடுக்கிவைப்பார். எடுத்து விழுங்க வேண்டியது அவரவர். கடைக்கு முதல் மாதம் கூடவே போவார், இரண்டாம் மாதம் கடைக்கு எதிரில் நிற்பார், மூன்றாம் மாதம் தெருமுனையில் நிற்பார். ஒருவருக்கு டவுன் பஸ்ஸில் ஏறவே பயம். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ்தான், காசு பிரச்சினை இல்லை. கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நிறுத்தம் போய்த் திரும்புவதை மட்டும் ஒரு மாதத்துக்கும் மேல் இருவரும் செய்தார்கள். இப்போது அந்தப் பெண் தனியாகவே போய் மாதாந்திர மாத்திரையை வாங்கிவருகிறார்.

ரேஷன் கவுண்டரில் முதல் கேள்வி "இவங்கள்லாம் உங்களுக்கு என்ன உறவு?" என்பது. வங்கியில் கையெழுத்து ஒரே மாதிரி வரவில்லை. ஆதார் மையத்தில் பிறந்த தேதி தெரியவில்லை. ஒவ்வொரு இடத்திலும் உதவியாளர் கூட நின்று, தான் பேசாமல், அந்தப் பெண்ணே பேசும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஒரு நாள் வேலையாக முடிய வேண்டியது நான்கு நாளாகும். ஒரு இரவு ஒருவர் திடீரென்று கத்தத் தொடங்கிவிட்டார். காலையில் எதிர்வீட்டுக்காரர் வீட்டு ஓனருக்கு போன் போட்டுவிட்டார். உதவியாளர் அன்று மாலை எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார். மறைக்கவில்லை, என்ன நோய், என்ன மாத்திரை, கத்தினால் யாருக்கும் ஆபத்தில்லை, இன்னொரு முறை நடந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்று எல்லாம் சொன்னார். அந்த எதிர்வீடுதான் பிறகு காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்த வீடு.

இந்த உதவியாளருக்கு நாங்கள் கொடுக்கும் சம்பளம் போதாது. கட்டுப்படி ஆகாமல் நல்ல உதவியாளர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஒருவர் போனால் வீட்டில் உள்ள ஐந்து பேரும் ஆறு மாதம் பின்னால் போகிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை எல்லாராலும் கைவிடப்பட்டவர்கள் அவர்கள்.

கணக்குக்கு வருகிறேன். இது உத்தேசம்தான், இடத்துக்கு இடம் மாறும். ஆனால் கை வைத்துப் பார்க்க ஒரு கணக்கு வேண்டும். ஐந்து பேர் வீட்டுக்கு வாடகை மாதம் 14,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முறை மாற்றி வேலை பார்க்க இரண்டு உதவியாளர்கள், தலா 15,000 என்றால் 30,000. மளிகை, காய்கறி, பால் 15,000. கரண்ட், கேஸ், போன் 3,000. துணிமணி, போக்குவரத்து, கைச்செலவு 4,000. பல வீடுகளைக் கவனிக்கும் சமூகப் பணியாளரின் சம்பளத்தில் இந்த வீட்டின் பங்கு 6,000. மொத்தம் 72,000. ஆளுக்கு 14,400. ஐந்து பேரின் அரசு உதவித்தொகையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் வாடகையைக்கூட அது எட்டாது. வேலைக்குப் போக முடிகிறவர்கள் கொண்டுவருவது கொஞ்சம் கைகொடுக்கும். மிச்சத்தை எங்கிருந்து எடுப்பது?

இந்தக் கணக்கில் செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை, கல்வெட்டு பதிக்கச் சுவர் இல்லை. நீங்கள் பிரியத்தோடு கொடுப்பவை எனக்குத் தெரியும். வார்டுக்குப் புதுக் கட்டில்கள், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி, சுவரில் ஓவியம், கம்பெனி பெயர் எழுதிய வேன், புது பிளாக். இவை தேவையில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் கட்டிக்கொடுக்கும் ஒவ்வொரு பிளாக்கும் இன்னும் பல பேரை உள்ளேயே வைத்துக்கொள்ள ஒரு காரணமாகிவிடுகிறது. கட்டிய கட்டடம் காலியாக இருக்க யாரும் விடமாட்டார்கள்.

ஒரு கம்பெனியில் என்னிடம் நேராகவே கேட்டார்கள்: "வாடகை கட்டினா எங்களுக்கு என்ன மிஞ்சும்?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆடிட்டருக்குக் காட்ட ஒரு சொத்து வேண்டும் என்ற கவலை அவருக்கு. அவருக்கும் உங்களுக்கும் சட்டத்தையே சுட்டிக்காட்டுகிறேன். கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவு, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிடச் சொல்கிறது. சொத்தாகத்தான் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஏழாவது அட்டவணையில் சுகாதாரமும் மாற்றுத்திறனாளிகளின் வாழ்வாதாரமும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை உதவியாளர் சம்பளத்தின் மேல் போடுகிறீர்கள். அந்த வரம்பு, சமூகப் பொறுப்புப் பணியை நடத்த உங்கள் கம்பெனிக்கு ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கு உரியது. ஒரு திட்டத்தை நேரடியாக நடத்துவதற்கு ஆகும் செலவு அதில் சேராது என்று விதியே விலக்கியிருக்கிறது. உதவியாளர்தான் அந்தத் திட்டம். அவருடைய சம்பளத்தை 'ஓவர்ஹெட்' என்று எழுதும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் போன் வரும்: "மார்ச் 31க்குள்ள செலவு பண்ற மாதிரி ஏதாவது இருக்கா?" இருக்கிறது என்று சொல்லிவிட்டு நாங்கள் எதையாவது வாங்குவோம். ஒரு வீட்டை அப்படி நடத்த முடியாது. தொடர் திட்டம் என்று ஒரு வகை உங்கள் விதிகளில் இருக்கிறது. தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை ஒரே திட்டத்துக்குத் தொடர்ந்து கொடுக்கலாம். அதைப் பயன்படுத்துங்கள். மூலதன நிதியாக ஒரு தொகையை எங்களிடம் விட்டுவைக்க 2021க்குப் பிறகு உங்கள் விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே நீங்கள் நிறுத்தினால் அடுத்த மாத வாடகைக்கு எங்களிடம் பெட்டியில் எதுவும் இருக்காது. முதல் ஆண்டில் எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும். இரண்டாம் ஆண்டில்தான் ஒருவர் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார், வீட்டு ஓனர் வாடகையை உயர்த்துவார், இருவருக்குள் சண்டை வந்து பேச்சு நின்றுபோகும். சரியாக அந்த நேரத்தில் திட்டம் முடிந்துவிடும்.

ஆளை வெளியே அனுப்பிவிட்டுப் பணத்தை அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கௌடெங் மாகாண அரசு, செலவைக் குறைக்கிறோம் என்று 2016இல் லைஃப் எசிடிமேனி என்ற மருத்துவ நிறுவனத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநோயாளிகளை அவசரமாக வெளியேற்றியது. அவர்களை எடுத்துக்கொண்ட 27 அமைப்புகளுக்கும் செல்லுபடியாகும் உரிமம் இல்லை. பல இடங்களில் போதிய சாப்பாடில்லை, கவனிக்க ஆளில்லை. 144 பேர் இறந்தார்கள். அதையும் சமூகத்துக்குத் திரும்புதல் என்றுதான் நியாயப்படுத்தினார்கள். அமெரிக்காவில் 1963இல் கென்னடி கையெழுத்திட்ட சமூக மனநல மையச் சட்டம் முதலில் கட்டடத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கியது. ஊழியர் சம்பளத்துக்கு உதவ இரண்டு ஆண்டு கழித்துத்தான் திருத்தம் வந்தது. நினைத்த மையங்களில் ஏறக்குறைய பாதிதான் எழுந்தன. மருத்துவமனைகளோ காலியாகிக்கொண்டே இருந்தன. பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். இத்தாலியின் திரியஸ்தே நகரம் வேறு விதமாகச் செய்தது. 1971இல் அங்கே பொறுப்பேற்ற பிராங்கோ பசாலியா, மருத்துவமனையின் கதவைத் திறந்ததோடு நிற்கவில்லை. அதன் பணமும் ஊழியர்களும் ஊருக்குள் இருந்த மையங்களுக்கும் வீடுகளுக்கும் நகர்ந்தன. 1978இல் இத்தாலி முழுவதற்கும் அது சட்டமானது. கதவைத் திறந்தவர்கள் மூன்று நாட்டிலும் இருந்தார்கள். திரியஸ்தேயில் மட்டும் வெளியே போனவரோடு அவருடைய நர்ஸும் அந்த நர்ஸின் சம்பளமும் கூடவே நடந்தன.

அரசு செய்ய வேண்டியதை நீங்கள் செய்யுங்கள் என்று நான் கேட்பதாக நினைக்க வேண்டாம். இறுதியில் இது அரசின் பொறுப்பு, சட்டமே அப்படிச் சொல்கிறது. அரசிடமும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒரு வீடு நான்கு ஆண்டு ஓடி, அதன் கணக்கும் அனுபவமும் கையில் இருந்தால்தான் அதிகாரியின் மேசையில் வைத்து நம்பிக்கையோடு பேச முடிகிறது. அந்த நான்கு ஆண்டை நீங்கள் தாங்க முடியும். மாவட்டத்துக்கு ஒரு வீட்டைக்கூட நம் ஊர்க் கம்பெனிகளால் தாங்க முடியாது என்று நான் நம்பவில்லை.

கொடுக்க முடிவு செய்தால் இதையெல்லாம் மனதில் வையுங்கள். உதவியாளர் சம்பளத்தை முதல் வரியில் எழுதுங்கள், அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள். வீட்டு அட்வான்ஸுக்கு ஒரு தொகை வேண்டும். காலி செய்யும்போது திரும்பி வந்தால் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். ஒருவர் உடம்பு மோசமாகி இருபது நாள் மருத்துவமனைக்குத் திரும்பினால் அதைத் தோல்வி என்று அறிக்கையில் குறிக்காதீர்கள், அவருடைய இடத்துக்கான வாடகையையும் நிறுத்தாதீர்கள். திரும்பி வரத் தன் பாய் அங்கேயே இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒருவர் சீக்கிரம் தேறுவார். 'எத்தனை பேர் பயனடைந்தார்கள்' என்று கேட்கிறீர்கள். ஐந்து. நான்கு ஆண்டு கழித்தும் அதே ஐந்து பேர்தான். எண்ணிக்கை ஏறவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். நிலைத்திருப்பதுதான் அங்கே நடக்கிற வேலை. கேட்பதானால் வேறு கேள்விகள் கேளுங்கள். வீட்டுச் சாவி எத்தனை பேர் கையில் இருக்கிறது? அவர்கள் கணக்கில் உள்ள பணத்தை யார் எடுக்கிறார்கள்? கடந்த மாதம் யாராவது தானாகப் புறப்பட்டு எங்காவது போனார்களா? வாக்காளர் அட்டையில் எந்தத் தெருவின் பெயர் இருக்கிறது?

வீட்டைப் பார்க்க வர விரும்பினால் வாருங்கள். வருவதற்கு முந்தைய நாள் அவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம், அது அவர்கள் வீடு. பேனர் வேண்டாம், புகைப்படக்காரர் வேண்டாம். தெருவில் கம்பெனி வண்டி வந்து நின்றால் அக்கம்பக்கத்தில் கேள்வி வரும், ஷேர் ஆட்டோவில் வந்தால் நல்லது.

இனி மொய். அந்தக் காதுகுத்தில் நோட்டு எழுதிக்கொண்டிருந்த பையன் பெயர் கேட்டான். மூத்தவர் தன் பெயரைச் சொன்னார். "எந்த ஊர்னு எழுதட்டும்?" என்று அடுத்த கேள்வி. மொய் நோட்டில் பெயருக்கு முன்னால் ஊர் வரும், உங்களுக்குத் தெரியும். 22 ஆண்டுகளாக அவருக்கு இருந்தது வார்டு எண். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதே தெருதான்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டான். எழுதிய மொய் நம் ஊரில் கணக்குத் தீராமல் நிற்கும். வாங்கியவர் ஒரு நாள் திருப்பிச் செய்ய வேண்டும், செய்தவர் வீட்டுக்குத் தேடி வந்து பத்திரிகை வைக்க வேண்டும். சென்ற தை மாதம் அந்த வீட்டில் இன்னொருவருக்கு அறுபது நிறைந்தது. ஐந்து பேரும் சேர்ந்து பாயசம் வைத்து எதிர்வீட்டையும் பக்கத்து வீட்டையும் அழைத்தார்கள். காதுகுத்து நடந்த வீட்டம்மா 500 ரூபாயோடு மேலே ஒரு ரூபாய் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

வரும் நிதியாண்டுக்கான மதிப்பீட்டை அடுத்த வாரம் அனுப்புகிறோம். வாடகை, சம்பளம், மளிகை, கரண்ட் எல்லாவற்றுக்கும் கீழே, 'மொய் மற்றும் விசேஷங்கள், ஆண்டுக்கு ரூ. 6,000' என்ற வரி மறுபடியும் இருக்கும். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

அன்புடன்,
அந்த வீட்டுக் கணக்கை எழுதும் ஒரு சமூகப் பணியாளர்